மாடியில் எருக்கு வைக்கலாமா? வெந்தய வரியன் புழுக்கள் இரண்டே நாளில் சாகின்றன

மாடிச்செடி_தாம்பரம்

வணக்கம். தாம்பரத்தில் இரண்டாம் தளத்துக்கு மேலே மொட்டைமாடி. காலை பத்து மணியிலிருந்து மாலை வரை நேர் வெயில். பட்டாம்பூச்சிக்காக என்று சொல்லி நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் பால்செடி இரண்டு வாங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வந்து முட்டை வைத்தது, புழுவும் பொரிந்தது. ஆனால் பொரிந்த இரண்டு நாளில் எல்லாமே கருத்துச் சுருண்டு கீழே விழுந்துவிட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை. நான் எந்த மருந்தும் அடிக்கவில்லை.

இதற்குப் பதில் நம்மூர் எருக்கையே வைக்கலாம் என்று நினைக்கிறேன். தொட்டியில் வருமா? விதையா, கிளையா? தெருவோர எருக்கில் பார்த்தால் கொழுந்தெல்லாம் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அப்பிக் கிடக்கிறது, தொட்டியில் வந்தால் வேப்பெண்ணெய் தெளிக்கலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது, எருக்கம்பால் ஆபத்து என்கிறார்கள். அம்மாவோ எருக்கை வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எருக்கிலை_செங்கல்பட்டு

முதலில் புழுச்சாவு. பொரிந்த ஓரிரு நாளில், எல்லாப் புழுவும் ஒருசேர, நெளிந்து பச்சையாகக் கக்கிச் சுருண்டு விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது செடிக்குள் இருக்கும் மருந்தை. அசுவினி வராமல் இருக்க நர்சரிகளில் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்தை மண்ணில் ஊற்றுவதோ இலையில் தெளிப்பதோ சாதாரணம். அது சாற்றோடு கலந்து இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் இருக்கும். இலையைக் கழுவினால் போகாது. தொட்டி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். நோயாக இருந்தால் சாவு இப்படி ஒரே நாளில் வராது. ஒன்றன்பின் ஒன்றாக, வளர்ந்த புழுக்களும்கூடத் தொய்ந்து தலைகீழாகத் தொங்கிக் கறுப்புக் கூழாகும். உங்களுடையது முதல் வகை என்றே தெரிகிறது.

அந்த இரண்டு செடியையும் இன்றே கொசுவலையால் மூடிக் கட்டுங்கள், மொட்டையும் கிள்ளிவிடுங்கள். முட்டை வைக்க வரும் பட்டாம்பூச்சிக்கு மருந்து தெரியாது. செடி மூடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அது ஒரு பொறி. என் யோசனை, செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் சேர்த்துவிடுவது. அந்த மண்ணையும் பட்டாம்பூச்சிச் செடிக்குத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

நீங்கள் வாங்கியது அஸ்கிலெபியாஸ் குராசாவிகா. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் வெந்தய வரியன் அதிலும் முட்டை வைக்கும், மருந்தில்லாவிட்டால் புழுவும் வளரும். ஆனால் அதே குடும்பத்தில் நமக்கே சொந்தமாக எருக்கு இருக்கும்போது கடல் தாண்டி வந்த செடி எதற்கு?

எருக்கில் இரண்டு இனம். ரயில் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் ஆளுயரம் நிற்பது பெரிய எருக்கு. இதழ்கள் மலர்ந்து விரிந்து பின்னால் மடங்கும். வறண்ட பகுதிகளில் காண்கிற இன்னொன்றுக்கு இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், நுனியில் ஊதா தீற்றியிருக்கும். இரண்டையும் புழு தின்னும். வெள்ளெருக்கு என்பது தனி இனமில்லை, பெரிய எருக்கின் வெள்ளைப் பூ வகைதான்.

விதைதான் நல்லது. எருக்குக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். தெருவோரச் செடியைப் பிடுங்கி வந்து நட்டால் அநேகமாக வாடிப்போகும், வேர் பாதியில் அறுந்திருக்கும். காய் பழுப்பேறி விளிம்பில் கீறல் விடும் நேரத்தில் நூலால் கட்டிவிட்டு, முழுதும் காய்ந்ததும் பறியுங்கள். கட்டாமல் விட்டால் பஞ்சோடு பறந்துவிடும். பறித்ததும் திறந்து பாருங்கள்: காய் ஈயின் புழு புகுந்த காயில் விதை சொத்தையாகவும் ஈரமாகவும் இருக்கும். ஓட்டை உள்ள காயை எடுக்காதீர்கள். தட்டையான பழுப்பு விதைகளைப் பஞ்சிலிருந்து பிரித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். புது விதை நன்றாக முளைக்கும், ஆண்டுக்கணக்கில் எடுத்து வைத்ததில் பாதி போய்விடும்.

நாற்றுத் தட்டில் போட்டு மாற்றி நடுவதைவிட நிலையான தொட்டியிலேயே மூன்று விதை போட்டு, நான்கு இலை வந்ததும் திடமானதை விட்டு மற்றதை மண் மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும்.

கிளையிலும் வரும். பச்சைக் கொழுந்தும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பெருவிரல் பருமனில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, நிழலில் இரண்டு நாள் சாய்த்து வையுங்கள். வெட்டுவாயில் பால் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரப் பாலோடு நட்டால் அடி அழுகும், கிளை தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். வேர்விட ஒன்று ஒன்றரை மாதம் ஆகலாம். அதுவரை மண் சற்று ஈரமாக இருந்தால் போதும்.

தொட்டி: 20 லிட்டர் பெயின்ட் வாளி சரியான அளவு. அகலத்தைவிட உயரம் முக்கியம். அடியில் அரை அங்குலத் துளை எட்டுப் போடுங்கள், பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே இன்னும் நான்கு. மண் கலவை செம்மண் மூன்று பங்கு, மணல் அல்லது எம்-சாண்ட் இரண்டு, நன்றாக மக்கிய சாணி எரு ஒன்று. காய்கறிக்குப் போடுவதுபோல் கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூளை) அள்ளிப் போடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்து ஐப்பசி மழையில் வேரை அழுகடிக்கும். மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். கீழ் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். யூரியாவோ மீன் அமிலமோ எதுவும் வேண்டாம், கொழுத்த கொழுந்து அசுவினிக்குத்தான் விருந்து.

செடி இரண்டடி உயரம் வரும்வரை கொசுவலைக்குள் வளருங்கள். ஆறு இலை உள்ள செடியில் பத்து முட்டை விழுந்தால் செடியும் மிஞ்சாது, புழுவும் பட்டினியில் போகும்.

கரைமண்_திருச்சி

வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாங்க. அசுவினிக்கு அடிக்கிற எது எல்லாம் இருக்கோ, அதெல்லாம் புழுவுக்கும் பட்டாகணும். வேப்பெண்ணெய் தின்ன புழு தோல் உரிக்க முடியாம சாகும். "இயற்கை மருந்து"னு விக்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இன்னும் மோசம், அது புழுவைக் கொல்றதுக்குன்னே இருக்கிற பாக்டீரியா. பக்கத்துத் தொட்டியில கத்தரிக்கு அடிச்சாலும் காத்துல வந்து விழும். அதனால எருக்கு வெச்ச மாடியில காய்கறிக்கு மருந்து அடிக்கணும்னா எருக்குத் தொட்டி எல்லாத்தையும் எதிர்மூலையில, காத்து வர்ற பக்கமா வெச்சிடுங்க. தெருவுல கொசுப்புகை அடிக்க வர்ற அன்னிக்கு ஈரமான பழைய வேட்டியால செடியை மூடி, புகை கலைஞ்சதும் எடுத்துடுங்க.

அந்த மஞ்சள் அசுவினி எருக்கு, அரளி ரெண்டுலயும் வர்றதுதான். கால் கறுப்பு, உடம்பு பளிச்சுனு மஞ்சள். நல்லா வளர்ந்த செடியை அது கொல்லாது. ஒரு வாரம் பொறுத்தா பொறிவண்டு வந்து முட்டை வைக்கும், அதோட குஞ்சு கறுப்பு முதலை மாதிரி இருக்கும். அதைப் பூச்சின்னு நசுக்கிடாதீங்க, அதுதான் உங்க வேலையாள். ஆனா ஒண்ணு, பொறிவண்டு பட்டாம்பூச்சி முட்டையையும் தின்னும். அதனால பொறிவண்டு நிறைஞ்ச கிளையில இருக்கிற முட்டையை இலையோட கிள்ளி வேற செடி இலை மேல குண்டூசியால குத்தி வெக்கலாம்.

பொறுக்க முடியலேன்னா, இலையைத் திருப்பி முட்டை இருக்கான்னு பாத்துட்டு, கையுறை போட்டு விரலாலயே வழிச்சு எடுங்க. இல்லேன்னா கொழுந்தை ஒரு கையால தாங்கிப் பிடிச்சிக்கிட்டு ஹோஸ் பைப்பால தண்ணியடிங்க. மூணு நாளைக்கு ஒருதரம், மூணு தடவை. அதோட எறும்பைப் பாருங்க. அசுவினி விடற தேனுக்காக எறும்பு காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும், பட்டாம்பூச்சி முட்டையையும் தூக்கிட்டுப் போகும். தொட்டியை மூணு செங்கல் மேல வெச்சு, ஒவ்வொரு செங்கலையும் தண்ணி ஊத்தின தட்டுல நிறுத்துங்க. தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்துங்க, இல்லேன்னா கொசு. செடி எதுவும் சுவரைத் தொடக்கூடாது, தொட்டா எறும்புக்குப் பாலம்.

இன்னொண்ணு. மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையா, பெருவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டுக்கிளி வரும். அழகா இருக்கும், ஆனா கூட்டமா வந்தா ராத்திரியில செடியைக் குச்சியாக்கிடும். குஞ்சைத் தொட்டா நச்சுத் தண்ணியைப் பீய்ச்சும், கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க. தொட்டி எருக்குல வந்தா பாட்டில்ல தட்டிவிட்டு, காலி மனையில இருக்கிற பெரிய எருக்குல கொண்டுபோய் விடுங்க. அதுவும் நம்ம ஊர் உயிர்தானே.

கண்மணி_பாளை

குழந்தை விஷயத்தை மற்றவர்கள் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். எருக்கம்பாலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முள் குத்திய இடத்தில் எருக்கம்பால் வைக்கும் வழக்கம் இருப்பதால் பலருக்கு அதன்மேல் பயமே இல்லை. தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சலோடு போகும். கண்ணில் பட்டால் கதை வேறு. அந்தப் பால் கண்ணை மரத்துப்போகச் செய்யும், அதனால் வலி அதிகம் இருக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எருக்கம்பால் என்று சொல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், சொட்டுமருந்து எதையும் நீங்களாக விடாதீர்கள்.

இலை கிள்ளும்போதும் கத்தரிக்கும்போதும் சாதாரண கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் கையுறை அணியுங்கள், தலைக்கு மேலே இருக்கும் கிளையை வெட்டாதீர்கள். வெட்டின கத்தரியை உடனே எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, பிறகு சோப்பில் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் அந்தப் பிசின் போகாது.

நான்கு வயதுக் குழந்தை தானாக மாடிக்குப் போக முடியும் என்றால் எருக்குத் தொட்டிகளை ஒரு மூலையில் ஒதுக்கி, முன்னால் இடுப்புயரத் தடுப்பு வையுங்கள். எருக்கங்காய்ப் பஞ்சு எல்லாக் குழந்தையையும் இழுக்கும். மாடிச் செடியில் காய் பிடித்தால் பிஞ்சிலேயே வெட்டிவிடலாம். புழுவைப் பற்றிப் பயம் வேண்டாம். அது கம்பளிப்பூச்சி இல்லை, அரிக்கும் முடி கிடையாது. பெரியவர் பக்கத்தில் இருந்து காட்டலாம், தொட்டுவிட்டால் கை கழுவினால் போதும்.

அம்மாவுக்கு: வெள்ளெருக்கு வையுங்கள். பிள்ளையாருக்கு உகந்தது என்பதால் அதை வாசலில் வைத்து வளர்ப்பவர்களே உண்டு. பூ எந்த நிறமாக இருந்தாலும் வெந்தய வரியனுக்கு இலை ஒன்றுதான். ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டக் கேட்டு வருவார்கள். கிளையோடு ஒடிக்க விடாமல் பூவை மட்டும் கிள்ளிக் கொடுங்கள். முட்டை நுனி இலைகளில்தான் இருக்கும்.

மாடிச்செடி_தாம்பரம்

மிக்க நன்றி. பழைய செடிகளை எடுத்துவிட்டேன். வெள்ளெருக்கு என்றதும் அம்மா சம்மதித்துவிட்டார். இன்னும் சில சந்தேகங்கள். இலையில் வெள்ளையாகச் சிறு சொட்டு இருந்தால் முட்டையா, பாலா, எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை செடி வைத்தால் எத்தனை புழு தாங்கும்? புழுவை டப்பாவில் வைத்து வளர்ப்பது நல்லதா?

எருக்கிலை_செங்கல்பட்டு

முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வெளிர் மஞ்சள் வெள்ளை, நெல்மணியைப் போல மேலே குவிந்திருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழே வரி வரியாகத் தெரியும். பெரும்பாலும் இலைக்கு அடியில், ஓரிடத்தில் ஒரே ஒரு முட்டைதான் வைக்கும். பால் சொட்டு காய்ந்தால் தட்டையாகி மஞ்சள் பழுப்பாகும், வரி இருக்காது. முட்டையின் உச்சி கறுத்தால் ஒரு நாளில் பொரியும்.

முட்டை பொரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், வெயில் காலத்தில் விரைவு. புழுவாக இரண்டு வாரம், கூட்டுப்புழுவாக ஒரு வாரம் பத்து நாள். முட்டையிலிருந்து பறப்பது வரை மூன்று நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுவின் முதுகில் கறுப்புக் கொம்புகள் மூன்று ஜோடி இருந்தால் வெந்தய வரியன். இலை நடுநரம்பை அது முதலில் கடித்து வைத்துவிட்டு, பால் வடிந்த பிறகு அதற்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னும். நரம்பு ஒடிந்து தொங்கும் இலையைப் பார்த்து நோய் என்று கிள்ளிவிட வேண்டாம். புழு அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

இலைக் கணக்கு: பெரிய புழுவுக்கு இரண்டு மூன்று முழு எருக்கிலை ஒதுக்குங்கள். அதாவது இரண்டடிச் செடி ஒன்றுக்கு ஐந்தாறு புழு. மூன்று தொட்டி வையுங்கள். ஒன்று தின்னக் கொடுத்தது, ஒன்று துளிர்ப்பது, ஒன்று வலைக்குள் காத்திருப்பது. மொட்டையாகத் தின்னப்பட்ட செடியை ஒன்றரை அடியில் வெட்டி, கொஞ்சம் எரு போட்டால் மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். இலை ஓட்டையாவதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், செடியை நட்டதே அதற்காகத்தான்.

டப்பாவைப் பற்றி: எனக்கு உடன்பாடில்லை. ஒரு டப்பாவில் இருபது புழு போட்டு, எச்சமும் ஈரமும் தேங்கி, ஒன்றுக்கு வந்த அழுகல் நோய் எல்லாவற்றுக்கும் பரவுவதுதான் அதிகம் நடக்கிறது. குழந்தைக்குக் காட்ட ஒன்றிரண்டு வளர்க்கலாம். காற்றுப் போகும் வலைக்கூடை, கீழே செய்தித்தாள், தினமும் எச்சம் தட்டி புது இலை. இலை ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். கூட்டுப்புழு தொங்கும் இடத்துக்குக் கீழே ஒரு சாணாவது வெற்றிடம் விடுங்கள். வெளிவந்த பூச்சி தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரிக்க இடமில்லாவிட்டால் சுருங்கியே காய்ந்துவிடும், பிறகு பறக்காது.

வெளியே எல்லாம் பிழைக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணி ஈயும் சிறு குளவிகளும் புழுவில் முட்டை வைக்கும். அவையும் நம் தோட்டத்து உயிர்களே. மருந்தில் செத்ததும் குளவிக்கு இரையானதும் ஒன்றல்ல.

கொடிப்பாலை_கோவை

எருக்கைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள், அதன் உறவுக்காரர்களை யாரும் சொல்லவில்லை. மாடியில் ஒரு கம்பிவலை இருந்தால் கொடிகளையும் சேருங்கள். நீல வரியன் என்ற பட்டாம்பூச்சிக்குக் கொடிப்பாலை. அது பெரிய கொடி, தொட்டியில் வைத்தால் மாதம் ஒருமுறை நுனி கிள்ள வேண்டும், தரை கிடைத்தால் தரையே மேல். அதன் புழுவுக்குக் கொம்பு இரண்டு ஜோடிதான். நன்னாரி நட்டால் வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சி வரும். வீட்டில் அரளி இருந்தால் அதிலும் வரும், அந்தப் புழுவுக்குக் கொம்பு நான்கு ஜோடி. வேலிப்பருத்தி தானாகவே எங்காவது முளைத்திருக்கும். இதய வடிவ இலை, முள் மாதிரி நீட்சிகள் உள்ள காய், கசக்கினால் நாற்றம். பிடுங்காமல் விட்டால் வெந்தய வரியனுக்கு அதுவும் உணவு.

அடுத்தது ஆண் பூச்சிக்கான செடி. வரியன், கருப்பன் இனங்களின் ஆண்கள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றின் வாடிய, காய்ந்த பகுதிகளில் உட்கார்ந்து உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணத்துக்கான சரக்கு அதில் இருக்கிறது. அதனால் காய்ந்த கிலுகிலுப்பையை அசிங்கம் என்று வெட்டி எறியாதீர்கள். தேள்கொடுக்கை வேரோடு பிடுங்கி, ஒரு கட்டாகக் கட்டி, வெயில் படும் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். நீல வரியன், கருநீல வரியன், கருப்பன் எல்லாம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்து, ஐப்பசி கார்த்திகை வாக்கில் திரும்பும். அந்த இரண்டு சமயத்திலும் கட்டு தயாராக இருக்கட்டும்.

கிலுகிலுப்பை விதையை மணல் தாளில் லேசாகத் தேய்த்து இரவு ஊறவைத்து நட்டால் சீராக முளைக்கும். தேனுக்கு வெட்சியும் தும்பையும் போதும். உண்ணிச்செடி வேண்டாம், பறவை அதைக் காட்டுக்குக் கொண்டுபோகும்.

ஒரு சிறு குறிப்பு. வெந்தய வரியன் என்று நினைத்ததெல்லாம் அதுவாக இருக்காது. அதேபோல வேடமிட்டு வரும் இன்னொரு இனத்தின் பெண் உண்டு, பறவை தொடாது என்பதற்காக. பின்சிறகைப் பாருங்கள்: வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று கறுப்புப் புள்ளி, ஆணுக்கு ஒன்று கூடுதல். வேடக்காரிக்கு மேல் விளிம்போரம் ஒரே ஒரு புள்ளி. அது எருக்கில் முட்டை வைக்காது. தொட்டியில் களையாக வரும் தரைப்பசலையில் வைக்கும். அதையும் ஒரு தொட்டியில் விட்டுவையுங்கள்.

கரைமண்_திருச்சி

ஒண்ணு விட்டுப்போச்சு. பெரிய புழு கூடு கட்ட செடியை விட்டு இறங்கிப் போயிடும். கைப்பிடிச் சுவருக்கு அடியில, பக்கத்துத் தொட்டி விளிம்புல, துணி உலர்த்துற கிளிப்புல எல்லாம் தொங்கும். பச்சையாவோ வெளிர் ரோசாவாவோ, தங்கப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கும். செடியில புழு காணோம்னா காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணாம, மொதல்ல சுத்தி ஏழெட்டு அடி தேடுங்க. தொட்டிகளை அந்தப் பத்து நாள் நகர்த்தாதீங்க, சுவரைப் பெருக்கும்போது துடைப்பத்தைப் பாத்துப் போடச் சொல்லுங்க.